பூட்டில்லாத துணைக்கோளம்

சில மாதங்களுக்கு முன்பு ஓர் உயர்நிலைப்பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். மூன்று மாணவிகள் காற்றின் தரத்தை அளக்கும் சிறிய கருவி ஒன்றைச் செய்து காட்சிக்கு வைத்திருந்தனர். கருவி நன்றாகவே இயங்கியது. அதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். மூவரும் உற்சாகமாக விளக்கத் தொடங்கினர். அப்போது பக்கத்து மேசையிலிருந்த வேறொரு குழுவின் மாணவர் மெல்ல எட்டிப் பார்த்தார். உடனே மாணவிகளுள் ஒருவர் மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டார். "பார்த்தா அதே மாதிரி செஞ்சிடுவாங்க, சார்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. என் பள்ளிப் பருவத்தில் தேர்வுக் குறிப்புகளைப் புத்தகப் பையின் அடியில் ஒளித்து வைத்தவன்தான் நானும். பிறரைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தை நாம் 'கியாசு' என்ற ஒரே சொல்லில் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். ஆனால், மூடப்பட்ட அந்த மடிக்கணினி என் மனத்தில் ஒரு கேள்வியைத் திறந்துவிட்டது. அறிவு மறைத்து வைத்தால் வளருமா, திறந்து வைத்தால் வளருமா? மாணவர்கள் செய்து விண்ணுக்கு அனுப்பிய சிறிய துணைக்கோளங்களின் கதையில் இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை இருக்கிறது.

2013ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், ரஷ்யாவின் யாஸ்னி ஏவுதளத்திலிருந்து 'நெப்பர்' என்ற ராக்கெட் புறப்பட்டது. ஒரு காலத்தில் அணுவாயுதம் தாங்கும் ஏவுகணையாக உருவாக்கப்பட்டு, பின்னர் அமைதிப் பணிக்காக மாற்றியமைக்கப்பட்ட ராக்கெட் அது. அன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட துணைக்கோளங்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒன்று நம்முடையது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பட்டக்கல்வி மாணவர்களுக்கான துணைக்கோளத் திட்டத்தின் கீழ் உருவான 'வேலாக்ஸ்-பி2' அது. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கொண்ட ஒரு கனசதுரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2011 ஏப்ரல் 20ஆம் நாள், இதே பல்கலைக்கழகம் உருவாக்கிய 'எக்ஸ்-சேட்' இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டபோது அதன் எடை நூறு கிலோகிராமுக்கும் அதிகம். வேலாக்ஸ்-பி2இன் எடையோ அதில் மிகச் சிறிய பங்குதான்.

மற்றொன்று அதைவிடவும் சிறியது. நீளம் ஏழரை சென்டிமீட்டர். அகலமும் உயரமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர். எடை வெறும் 210 கிராம். ஒரு பெரிய ஆப்பிளின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் 'ஐம்பது டாலர் சேட்'. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மோர்ஹெட் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ், மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நோக்கத்தோடு, மூன்று பொழுதுபோக்கு வானொலியாளர்களுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. பெயரில் ஐம்பது டாலர் இருந்தாலும் பாகங்களுக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று. ஆயினும் மொத்தச் செலவு 250 அமெரிக்க டாலரைத் தாண்டவில்லை. ஏவுவதற்கான கட்டணம் இதில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்துணைக்கோளத்தின் மூளையாக இருந்தது விலையுயர்ந்த விண்வெளிக் கணினியன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதற்காக விற்கப்படும் 'பிக்காக்ஸ்' என்ற சில்லுதான் அது. கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் வானொலிப் பாகம் ஒன்றே பூமியோடு பேசியது. அப்படிப்பட்ட துணைக்கோளம் சுமார் இருபது மாதங்கள் விண்ணிலிருந்து சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர்கள் அதன் வடிவமைப்பையும் நிரலையும் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, விலை குறைவு என்பதைவிட இதுவே பெரிய செய்தி.

பேராசிரியர் ட்விக்ஸுக்குப் பகிர்வு புதிதன்று. 1999ஆம் ஆண்டில் அவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கலிஃபோர்னியாவின் மற்றொரு பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹோர்டி புய்க்-சுவாரியுடன் சேர்ந்து 'கியூப்சேட்' என்ற அளவு முறையை வகுத்தார். மாணவர்கள் படித்து முடித்து வெளியேறுவதற்குள் ஒரு துணைக்கோளத்தைச் செய்து முடிக்க வேண்டுமானால் அது எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. கடையில் பொம்மை வைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பார்த்துத்தான் பத்து சென்டிமீட்டர் அளவு தமக்குத் தோன்றியது என்று ட்விக்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார்.

நம் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் கொள்கலன்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் பெட்டியின் அளவு வரையறுக்கப்பட்டிருப்பதால்தான் எந்த நாட்டுக் கப்பலும் எந்த நாட்டுப் பாரந்தூக்கியும் அதைக் கையாள முடிகிறது. கியூப்சேட்டும் அத்தகையதே. பெட்டியின் அளவு பொதுவானது. உள்ளே வைப்பது அவரவர் விருப்பம். இந்த அளவு முறையை அவர்கள் இருவரும் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தால், வேலாக்ஸ்-பி2 அதே வடிவில் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கே 'திறந்த மூலம்' என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. திறந்த மூலம் என்றால் 'இலவசம்' என்று பலர் நினைக்கின்றனர். ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை மறைத்து வைக்கலாம். அது திறந்த மூலம் ஆகாது. மின்சுற்று வரைபடம், கணினி நிரல், பாகங்களின் பட்டியல் ஆகியவற்றை வெளியிட்டு, 'இதைப் படிக்கலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம். செய்தவர் பெயரை மட்டும் மறவாமல் குறிப்பிடுங்கள்' என்று முறைப்படி உரிமை அளிப்பதே திறந்த மூலம்.

கிரேக்க நாட்டின் 'யூபிசேட்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பட்ராஸ் பல்கலைக்கழகமும் லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளையும் இணைந்து இதை உருவாக்கின. அதன் வரைபடங்களும் நிரல்களும் பொதுவில் வைக்கப்பட்டன. 2017 மே மாதம் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து அது விண்ணில் விடப்பட்டது. அதன் சமிக்ஞையைக் கேட்பதற்கான தரை நிலையங்களும் அதே முறையில் அமைந்தவைதாம். தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு மாடியிலும் பள்ளி வளாகத்திலும் அலைவாங்கிகளை நிறுவி, தாங்கள் கேட்டதை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளும் 'சேட்நாக்ஸ்' என்ற வலையமைப்பு அது.

இந்த இடத்தில் உங்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துச் செய்தால் அது காப்பியடிப்பது ஆகாதா? தேர்வில் அப்படிச் செய்தால் தண்டிக்கிறீர்களே!" நியாயமான கேள்வி. விடை எளிது. காப்பியடிப்பவர் யாரிடமிருந்து எடுத்தார் என்பதை மறைக்கிறார். எடுத்ததைப் புரிந்துகொள்ளவும் முயல்வதில்லை. திறந்த வரைபடத்திலிருந்து கற்பவர் எங்கிருந்து பெற்றார் என்பதைச் சொல்கிறார். பெற்றதைப் புரிந்துகொள்ளாமல் அவரால் ஓர் அடிகூட நகர முடியாது.

ஏன் முடியாது? ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூமிக்கு அருகிலுள்ள விண்வெளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,360 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தின் ஒரு பக்கம், சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. எனவே, அதன்மீது விழுவது சுமார் 13.6 வாட் மட்டுமே. மிகச் சிறந்த சூரியத் தகடுகள்கூட அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். தகடுகள் அந்தப் பக்கம் முழுவதையும் மறைப்பதுமில்லை. இறுதியில் கைக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று வாட். வீட்டிலுள்ள மேசை மின்விசிறிக்குக்கூட இது போதாது.

அதோடு முடியவில்லை. தாழ்வான பாதையில் சுற்றும் துணைக்கோளம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை வலம் வந்துவிடும். அதில் அரை மணி நேரத்திற்கும் மேலாகப் பூமியின் நிழலில் இருளில் கிடக்கலாம். அந்நேரம் முழுவதும் மின்கலம் தாக்குப்பிடிக்க வேண்டும். நீங்கள் ஒரு திறந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதில் இன்னும் நல்ல புகைப்படக் கருவி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் கணக்கைப் போடாமல் சேர்த்தால் உங்கள் துணைக்கோளம் முதல் இருளிலேயே அடங்கிவிடும். வெற்றிடத்தில் காற்று இல்லாததால் சில்லின் சூட்டை மின்விசிறி வைத்துத் தணிக்கவும் முடியாது. அதற்கும் வழி காண வேண்டும். ஏவும்போது ஏற்படும் அதிர்வில் ஒரு திருகு கழன்றாலும் மேலே சென்று முடுக்க ஆளில்லை. ஆகவே, வரைபடத்தைப் பிறர் கொடுக்கலாம். சிந்தனையை நாம்தான் செய்தாக வேண்டும்.

அடுத்து, வெற்றியைத் திறந்து வைப்பது ஓரளவு எளிது; தோல்வியைத் திறந்து வைப்பதுதான் கடினம். இதற்கு இந்தியாவிலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்ற அமைப்பின் வழிகாட்டுதலில், இந்தியா முழுவதுமுள்ள அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் 'ஆசாதிசேட்' என்ற துணைக்கோளத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார்கள். 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள், எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது ஏவப்பட்டது. ராக்கெட் மேலே சென்றது. ஆனால், துணைக்கோளத்தைச் சரியான பாதையில் விடவில்லை. பூமிக்கு மிக அருகில் வந்து போகும் பாதையில் விட்டதால் துணைக்கோளம் நிலைக்க முடியாமல் அழிந்தது. மாதக்கணக்கான உழைப்பு சில மணி நேரத்தில் மறைந்தது. அந்த மாணவிகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து வெளிப்படையாக அறிவித்தது. ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது மிகக் குறுகிய நேரத்திற்குக் கடும் அதிர்வு ஏற்பட்டது. அந்த அதிர்வைக் கண்ட கணினி, உணர்கருவிகள் பழுதாகிவிட்டன என்று தவறாக முடிவு செய்து, அவற்றின் தகவலைப் புறக்கணித்துவிட்டது. உண்மையில் உணர்கருவிகள் பழுதாகவில்லை. காரணம் தெரிந்ததும் திருத்தங்கள் செய்யப்பட்டன. 2023 பிப்ரவரி 10ஆம் நாள் 'ஆசாதிசேட்-2' அதே வகை ராக்கெட்டில் ஏறி, சரியான பாதையை அடைந்தது. இரண்டுக்கும் இடையில் ஆறே மாதம்.

'தோல்வியே வெற்றியின் முதற்படி' என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிறோம். ஆனால், தோல்வி தானாகப் படியாகிவிடாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுதி வைத்தால்தான் அது படியாகும். எழுதி வைக்காத தோல்வியில் அடுத்து வருபவரும் தடுக்கி விழுவார். மாணவர்கள் செய்த துணைக்கோளங்களுள் பல, விண்ணை அடைந்த பின்னர் ஒரு சமிக்ஞைகூட அனுப்பாமல் மௌனமாகிவிட்டன. அவற்றின் கதைகள் முழுமையாக வெளிவந்தால் எத்தனையோ மாணவர்களின் நேரம் மிச்சமாகும்.

இத்தகைய திட்டங்கள்மீது சொல்லப்படும் குறைகளையும் நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே விண்வெளியில் குப்பை பெருகிவிட்டது. மாணவர்களும் விளையாட்டாக அதில் சேர்க்க வேண்டுமா என்று கேட்கின்றனர். பொறுப்புள்ள கேள்விதான். அதனால்தான் தாழ்வான பாதையைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. யூபிசேட் தன் பணியை முடித்து, 2018 நவம்பரில், அதாவது ஒன்றரை ஆண்டுக்குள், காற்றுமண்டலத்தில் எரிந்து மறைந்தது. உயரமான பாதையில் பல ஆண்டுகள் செத்த பொருளாகச் சுற்றப்போகும் துணைக்கோளத்தை, 'மாணவர்கள் செய்தது' என்ற காரணத்திற்காக மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் திறந்து வைக்க முடியுமா என்பது மற்றொரு கேள்வி. முடியாது. பல ஆண்டுகள் உழைத்து ஒரு கண்டுபிடிப்பைச் செய்தவர் அதற்குக் காப்புரிமை பெற்று, அதன் வருமானத்தில் வாழ்வதில் தவறில்லை. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான தகவல்களை மறைப்பதும் தேவைதான். ஆனால், பள்ளி மாணவர் ஒருவர் செய்யும் செயல்திட்டத்தின் உண்மையான விளைபொருள் கருவியன்று. அவர் பெறும் அறிவே. அந்த அறிவைப் பகிர்ந்தால் அவருக்கு எதுவும் குறைவதில்லை. இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் நமக்கே பல செய்திகள் தெளிவாகின்றன என்பதை நண்பருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எவரும் அறிவர்.

ஒவ்வொரு பள்ளியும் துணைக்கோளம் ஏவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல உள்ளன. குளிர்பான டின் அளவிலான 'கேன்சேட்' என்ற மாதிரித் துணைக்கோளம் அவற்றுள் ஒன்று. அது விண்ணுக்குப் போகாது. சிறிது உயரத்திலிருந்து குடைபோன்ற வான்குடையில் இறங்கும்போதே வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அளந்து அனுப்பும். மின்சாரம், அதிர்வு, வானொலித் தொடர்பு ஆகிய எல்லாச் சிக்கல்களையும் சிறிய அளவில் இதிலேயே சந்திக்கலாம்.

இன்னும் எளியது, கேட்பது. 1961 டிசம்பர் 12ஆம் நாள், பொழுதுபோக்கு வானொலியாளர்கள் தாங்களே செய்த 'ஆஸ்கார்-1' என்ற துணைக்கோளம் ஏவப்பட்டது. மோர்ஸ் குறியீட்டில் 'ஹாய்' என்ற ஒரு சொல்லை மட்டும் அது திரும்பத் திரும்ப அனுப்பியது. 28 நாடுகளில் 570க்கும் மேற்பட்டோர் அதைக் கேட்டு, தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். அந்தச் சொல் ஒலித்த வேகத்திலிருந்து துணைக்கோளத்தின் உள்வெப்பநிலையையும் அறிய முடிந்தது. இன்றைய மாணவர்த் துணைக்கோளங்கள் பலவும் அதே வானொலி அலைவரிசைகளில்தான் பேசுகின்றன. ஓர் அலைவாங்கியும் மலிவான வானொலி வாங்கியும் ஒரு கணினியும் இருந்தால், நம் பள்ளிக் கூரையிலிருந்தே அவற்றைக் கேட்கலாம்.

இதில் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுக்கும் என்னைப் போன்றோருக்கும் ஒரு கடமை உண்டு. கண்காட்சியில் இயங்கும் கருவிக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால், மாணவர்கள் தோல்வியை மறைக்கவே கற்றுக்கொள்வார்கள். பழுதடைந்த கருவியின் காரணத்தைத் தெளிவாக எழுதிய குழுவுக்கும், பிற குழுவிடமிருந்து கற்றதை நன்றியோடு குறிப்பிட்ட குழுவுக்கும் மதிப்பெண் கிடைக்க வேண்டும். மடிக்கணினியை மூடிய அந்த மாணவியிடம் மட்டும் குறை காண்பது முறையன்று. மூடச் சொல்லிக் கொடுத்ததில் நமக்கும் பங்கிருக்கிறது.

அந்த மாணவியை மீண்டும் சந்தித்தால் இதைத்தான் சொல்வேன்: "மூடியைத் திறந்து வையம்மா. அவர் பார்த்துச் செய்யட்டும். உங்கள் கருவி எத்தனை முறை பழுதானது, ஒவ்வொரு முறையும் என்ன செய்து சரிப்படுத்தினீர்கள் என்பதையும் அவருக்குக் காட்டு. அடுத்த ஆண்டு அவர் உங்களுடையதைவிட நல்ல கருவி ஒன்றைச் செய்தால், அவருடைய வரைபடத்தை நீ கேட்டு வாங்கிப் பார்."

மாணவர்களே, உங்கள் அடுத்த செயல்திட்டத்தைத் தொடங்கும்போது ஒரு புதிய குறிப்பேட்டையும் தொடங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் யாரிடமிருந்து என்ன கற்றீர்கள் என்பதை எழுதுங்கள். நடுப்பக்கங்களில் எது சரிவரவில்லை என்பதை எழுதுங்கள். முடித்த பின்னர், அந்தக் குறிப்பேட்டை உங்களுக்கு அடுத்து வரும் வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.